எட்டாம் மாதத்தைத் தாண்டுவது எப்படி? கொல்லையில் கோழி வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

கோழி வாங்கும்போது எல்லோரும் எந்த இனம் நல்லது என்று கேட்பார்கள், என்ன தீவனம் போடலாம் என்று கேட்பார்கள், கூண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். ஏழெட்டு மாதம் கழித்து அதே கூண்டில் பழைய சைக்கிளும் காலி பெயின்ட் டப்பாவும் ஏன் வந்து உட்கார்கின்றன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட கூண்டுகள் நிறைய உண்டு. விட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் காரணம் நாலைந்துக்குள் அடங்கிவிடும். முட்டை நின்றுபோச்சு. ஒரே வாரத்தில் எல்லாம் செத்துப்போச்சு. கீரி தூக்கிட்டுப் போச்சு. ஊருக்குப் போக முடியலை. பக்கத்து வீட்டோடு சண்டை. கோழியே பிடிக்கவில்லை என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

அதனால் மனதைத் தேற்றிக்கொள்ளும் யோசனை எதுவும் இதில் கிடையாது. மேலே சொன்ன ஒவ்வொன்றும் எப்போது வரும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். தொடங்கும்போதே அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டால் ஆர்வத்தைத் தனியாகத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

1. வாங்கும் முன் முட்டைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

முதல் ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. ஆறு கோழி வாங்கினால் தினம் ஆறு முட்டை என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். சிறுவிடை மாதிரியான நாட்டுக்கோழி அப்படி இடாது. இரண்டு மூன்று வாரத்தில் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், அப்புறம் அடைக்கு உட்காரும். அடை 21 நாள். பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதமோ அதற்கு மேலோ திரியும். அதெல்லாம் முடிந்துதான் அடுத்த முட்டை. ஆண்டுக்கு மூன்று நான்கு சுற்று வந்தால் ஒரு கோழிக்கு 50, 60 முட்டை தேறும். ஆறு கோழியும் சேர்ந்து ஆண்டுக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது. சராசரியாகப் பார்த்தால் வீட்டுக்கு நாளுக்கு ஒரு முட்டைதான்.

இது தெரிந்து வாங்கினால் வருத்தமில்லை. தினமும் முட்டை வேண்டும் என்பவர்கள் ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற இனத்தில் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கொல்லையில் மேய்ந்தே ஆண்டுக்கு 150 முட்டைக்குக் குறையாமல் இடக்கூடியது. ஆனால் அடைக்கு உட்காருவதில் அதற்கு ஆர்வம் கிடையாது. குஞ்சு பொரிக்கச் சிறுவிடை, முட்டைக்குக் கிராமப்பிரியா என்று கலந்து வைப்பது என் கட்சி. முட்டையும் வரும், குஞ்சும் வரும், கொல்லையில் எப்போதும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும்.

2. குஞ்சில் தொடங்க வேண்டாம்

ஒருநாள் குஞ்சு விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் அது முதல் முட்டை இட ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை பல்பு போட்டுச் சூடு கொடுக்க வேண்டும். முதல் வாரத்தில் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரா வாரம் இரண்டு மூன்று டிகிரி குறைக்க வேண்டும். கரண்ட் போன இரவில் எழுந்து உட்கார வேண்டும். இத்தனைக்கும் பிறகு பாதி சேவலாகப் போகும். புதியவருக்கு இது நீண்ட காத்திருப்பு.

முட்டை இடப்போகும் பருவத்து விடைக்கோழி மூன்று நான்கும், குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழி ஒன்றும் வாங்கித் தொடங்குங்கள். குஞ்சுக்குச் சூட்டைத் தாய் பார்த்துக்கொள்ளும், உங்களுக்கு ஒரு மாதத்துக்குள் முட்டை கையில் வரும். சந்தையில் வாங்குவதைவிடத் தெரிந்த வீட்டில் வாங்குவது நல்லது, ஏனென்றால் சந்தைக் கூடையில் பத்து ஊர் நோய் இருக்கும். எங்கே வாங்கினாலும் இரண்டு வாரம் தனியாக அடைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற கோழிகளோடு விட வேண்டும்.

எண்ணிக்கை பத்துக்குள் இருக்கட்டும். முதல் ஆண்டில் இருபது, முப்பது என்று போகிறவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள்.

3. வேலையைக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடமாகக் குறையுங்கள்

கூண்டைச் சுத்தம் செய்ய முட்டி போட்டு உள்ளே நுழைய வேண்டியிருந்தால் மூன்றாவது மாதமே தள்ளிப்போடத் தொடங்கிவிடுவீர்கள். தள்ளிப்போட்டால் நாற்றம், நாற்றம் வந்தால் வீட்டில் பேச்சு. எனவே கூண்டு உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், அல்லது நின்றபடி உள்ளே போகும் அளவுக்கு இருக்க வேண்டும். தரையில் உமியோ மரத்தூளோ கடலைத்தோலோ இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் போதும். ஈரம் பட்ட இடத்தை மட்டும் அள்ளிப்போட்டுவிட்டுப் புதிதாகத் தூவுங்கள். அள்ளியதை நேரே செடிக்குப் போடாதீர்கள், பச்சைக் கோழி எரு வேரைக் கருக்கிவிடும். குப்பைக்குழியில் சில மாதம் மட்கட்டும்.

தண்ணீர் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஒரு செங்கல் மேல் வைத்தால் அது கிளறி அழுக்காக்காது. சின்ன விஷயம்தான். ஆனால் தினமும் பாத்திரம் தேய்க்கும் வேலையைப் பாதியாக்குவது இதுதான்.

தீவனம் போடும்போது 'பா... பா...' என்று ஒரே மாதிரி கூப்பிட்டு, மாலையில் ஒரு கைப்பிடி கம்போ குருணையோ கூண்டுக்குள் இறையுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாத கோழியை அந்தி நேரத்தில் வேலியோரம் விரட்டிப் பிடிக்கும் வேலை இருக்கிறதே, அதைவிட எரிச்சலானது வேறில்லை.

மேய்ச்சல் உள்ள நாட்டுக்கோழிக்கு நாளுக்கு 50, 60 கிராம் தீவனம் கையால் போட்டால் போதும், மீதியை அதுவே தேடிக்கொள்ளும். அடைத்து வளர்த்தால் 100 கிராமுக்கு மேல் வேண்டும். குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துக் கொடுப்பது பழைய முறை. பழைய சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் இவற்றை ஒரு மண்பானையில் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் உள்ளே நிறைந்திருக்கும். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது மட்டும் கவனம். பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பானையை அவர்கள் பொறுப்பில் விட்டுவிடுங்கள், மறுநாள் உங்களுக்கு முன்னால் எழுந்துவிடுவார்கள்.

4. மாதக் காலண்டரில் குறித்துவையுங்கள்

தனி நோட்டு வேண்டாம், அது பத்து நாளில் காணாமல் போகும். சமையலறையில் கேஸ் சிலிண்டர் தேதியும் பால் கணக்கும் எழுதும் மாதக் காலண்டரே போதும். கட்டத்தில் அன்றைய முட்டை எண்ணிக்கை, அடை வைத்த நாளில் 'அ', தடுப்பூசி போட்ட நாளில் 'த'. வேறெதுவும் வேண்டாம்.

இதனால் என்ன பயன் என்றால், 'முட்டையே வருவதில்லை' என்று தோன்றும் மாதத்தில் போன மாதத்துத் தாளைத் திருப்பிப் பார்க்கலாம். பெரும்பாலும் நினைத்ததைவிட அதிகமாக வந்திருக்கும். உண்மையாகவே குறைந்திருந்தால் எந்தத் தேதியிலிருந்து என்று தெரியும். தீவனம் மாற்றிய நாளா, வெயில் ஏறிய வாரமா, ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்ததா என்று பிடித்துவிடலாம்.

5. வெள்ளைக் கழிச்சலுக்கு முன்னால் முந்திக்கொள்ளுங்கள்

கோழி வளர்ப்பை ஒரே அடியில் நிறுத்தவைப்பது இந்த நோய்தான். மருந்தகத்தில் ராணிக்கெட் என்பார்கள். வைரஸால் வருவது. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், இறக்கை தொங்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது, நாலைந்து நாளில் கூண்டே காலியாகலாம். வெயில் காலத்தில் இதன் பாய்ச்சல் அதிகம்.

தடுப்பூசி உண்டு. குஞ்சுக்கு முதல் வாரத்தில், ஏழாம் நாள் வாக்கில், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கை அடியில் ஊசி. இடையில் கம்போரோ (குஞ்சுகளைத் தாக்கும் இன்னொரு வைரஸ் நோய்), அம்மை இவற்றுக்கான தடுப்பு மருந்தும் உண்டு, உங்கள் பகுதிக்கு எது வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் பலன் நன்றாக இருக்கும். நோய் கண்ட கோழிக்கு ஊசி போடக் கூடாது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. தடுப்பு மருந்துக் குப்பி நூறு கோழிக்கோ அதற்கும் மேலோ அளவாகத்தான் வரும். குளிரில் வைத்திருக்க வேண்டும், கரைத்த பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க யாரும் முன்வர மாட்டார்கள். பலர் தடுப்பூசி போடாமல் விடுவதற்கு அலட்சியத்தைவிட இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இதற்கு வழி தெருவைச் சேர்ப்பதுதான். கோழி வைத்திருக்கும் பத்து வீட்டாரிடம் முந்தின நாளே சொல்லி, இரவில் அடைத்த கோழியைக் காலையில் திறக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வாங்கி வந்து வீடு வீடாக முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை வெயில் ஏறுவதற்கு முன் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துவது வழக்கம், பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் பொங்கல் முடிந்ததும் தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி போடுவது போக, இந்தத் தெருச் சுற்றில் இன்னொன்றும் கிடைக்கும். யாரிடம் நல்ல சேவல் இருக்கிறது, யார் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, யாருக்குக் குஞ்சு வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். தனியாகக் கோழி வளர்ப்பவர் சீக்கிரம் விட்டுவிடுகிறார். முட்டையை மாற்றிக்கொள்ள நாலு வீடு உள்ளவர் விடுவதில்லை.

சரி, எல்லாம் செய்தும் நோய் வந்துவிட்டால்? செத்ததை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வாய்க்காலிலோ குப்பையிலோ எறிய வேண்டாம். மீதி இருப்பதை அவசரமாக விற்க வேண்டாம், அதுதான் நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறது. கூண்டைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதத்துக்கு மேல் சும்மா போடுங்கள். அந்த மாதம் வெறுமையாகத்தான் இருக்கும். மறுநாளே புதுக்கோழி வாங்கி விட்டு, அதையும் இழந்தவர்கள்தான் ஒரேயடியாகக் கைகழுவுகிறார்கள்.

6. பகல் எதிரி வேறு, இரவு எதிரி வேறு

கீரி பகலில்தான் வரும். அதனால் இரவுக் கூண்டை எவ்வளவு பலமாகக் கட்டினாலும் கீரிக்கு அது பொருட்டில்லை. குஞ்சுகளை முதல் ஐந்தாறு வாரம் பஞ்சாரத்திலோ (கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடை) வலைக்குள்ளோ வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. காக்கை, வல்லூறு, பருந்து எல்லாவற்றுக்கும் இதுவே பதில். பெரிய கோழிக்கு ஓடி ஒளியப் புதர் வேண்டும். வெட்டவெளியான கொல்லையில் பருந்துக்குக் கொண்டாட்டம்.

இரவில் மரநாய், காட்டுப்பூனை, பெருச்சாளி, பாம்பு, தெருநாய். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலையை நாய் கடித்துக் கிழித்துவிடும், பெரிய கண்ணாக இருந்தால் பாம்பு நுழைந்துவிடும். கீழ் இரண்டடிக்காவது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் போடுங்கள். தரைக்கடியில் ஓர் அடி புதையுங்கள், அல்லது சுற்றிலும் கல் பதியுங்கள். இதில் ஒருமுறை செலவு செய்வது, ஆண்டு முழுக்க இரவில் டார்ச்சோடு எழுந்து போவதைவிட மலிவு.

7. முட்டை நிற்கும் மாதங்களுக்கு வேறு வேலை வைத்திருங்கள்

கோழி ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்க்கும். கழுத்தில் தொடங்கி உடம்பெல்லாம் கொட்டி, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். புது இறகு முளைக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும், அதுவரை முட்டை இருக்காது. சத்து எல்லாம் இறகுக்குப் போகிறது. நோய் என்று பயந்து மருந்து வாங்க ஓட வேண்டாம். கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், முருங்கைக்கீரை கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலிலும் முட்டை குறையும், ஓடு மெலியும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். கிளிஞ்சல் தூள் எப்போதும் ஒரு சட்டியில் தனியாக இருக்கட்டும்.

எல்லாக் கோழியும் ஒரே வயதாக இருந்தால் எல்லாம் ஒன்றாக நிறுத்தும். வயதைக் கலந்து வைக்கச் சொல்வது இதற்காகவே. ஆண்டுக்கு ஓர் அடையாவது வைத்து இளசுகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

அடை வைப்பதுதான் இந்த வளர்ப்பில் அலுக்காத பகுதி. கோழி கூட்டைவிட்டு எழாமல், கையைக் கொண்டுபோனால் இறகைச் சிலிர்த்துக் குறுகுறுத்தால் அடைக்குத் தயார். கூடையில் மணலோ வைக்கோலோ பரப்புங்கள். ஒரு வாரம், பத்து நாளுக்குள் இட்ட, நடுத்தர அளவு முட்டையாக ஒன்பதோ பதினொன்றோ வையுங்கள். ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்பதும், இடிக்குப் பொரியாமல் போகக் கூடாது என்று கூடையில் இரும்புத்துண்டும் கரித்துண்டும் போடுவதும் வழக்கம். செய்தால் நஷ்டமில்லை, பாட்டிக்கும் திருப்தி.

ஏழாம் நாள் இரவில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு நரம்பு கிளைவிட்டுத் தெரிந்தால் கரு இருக்கிறது. தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் அது கூமுட்டையாகி நாறும். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கோழியைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள்கூட அன்றைக்கு எட்டிப்பார்ப்பார்கள். தினமும் ஒருமுறை அடைக்கோழி தின்னவும் கழிக்கவும் எழுந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடையில் செள்ளும் பேனும் சேர்ந்தால் அது அடையைப் பாதியில் விட்டுவிடும்.

குஞ்சு வேண்டாத சமயத்தில் கோழி அடைக்கு உட்கார்ந்தால் மூக்கில் இறகு குத்துவது, தண்ணீரில் முக்குவது என்றெல்லாம் செய்வார்கள். தேவையில்லை. அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டில், வெளிச்சமான இடத்தில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். தெளிந்துவிடும்.

8. சேவலும் அண்டை வீடும்

பொரித்ததில் ஏறக்குறைய பாதி சேவல். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்சமுள்ளவை ஐந்து மாதத்தில் சண்டை போட்டு, பெட்டைகளின் முதுகை மொட்டையாக்கி, கொல்லையையே போர்க்களமாக்கிவிடும். எவற்றை வைத்துக்கொள்வது என்று மூன்றாம் மாதமே முடிவெடுங்கள். வைத்துக்கொள்வதற்கு மட்டும் பிள்ளைகளைப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். பெயர் வைத்ததைக் கறிக்குக் கொடுக்க எந்த வீட்டிலும் மனம் வராது, அந்த அழுகையிலேயே கோழியே வேண்டாம் என்று முடிந்த வீடுகள் உண்டு. விற்பதென்றால் ஆடிக் கொடைகளுக்கும் தீபாவளிக்கும் முன்னால் விற்றுவிடுங்கள். புரட்டாசியில் கேட்க ஆள் இருக்காது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அது இஷ்டத்துக்குத் திரிந்து பெருத்துப்போகும்.

வீடுகள் நெருக்கமாக உள்ள இடமென்றால் சேவலே வேண்டாம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டை இடும், பொரிக்கத்தான் உதவாது. அடை வைக்க வேண்டுமானால் நாலு வீடு தள்ளிக் கருமுட்டை வாங்கிக்கொள்ளலாம். விடிகாலை நாலு மணிக் கூவலுக்காக வரும் சண்டை நீண்டுகொண்டே போகும். மாதம் ஒருமுறை பக்கத்து வீட்டுக்கு நாலு முட்டை கொடுத்தனுப்புவது அதைவிடச் சுலபம்.

9. ஊருக்குப் போவதும், ஓய்வெடுப்பதும்

கல்யாணம், காதுகுத்து என்று நாலு நாள் வெளியே போக முடியாவிட்டால் எந்தப் பொழுதுபோக்கும் சுமையாகிவிடும். கோழி வாங்கிய முதல் மாதத்திலேயே இன்னொருவரைப் பழக்குங்கள். ஒருநாள் அவர் பார்க்க, நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். அந்த நாட்களில் வரும் முட்டை முழுக்க அவருக்கு என்று பேசிவைத்தால் மனத்தாங்கல் வராது. இரண்டு மூன்று பெரிய தண்ணீர்க் குப்பியும் தொங்கும் தீவனப் பாத்திரமும் இருந்தால் அவர் ஒருவேளை வந்துபோனால் போதும்.

மூன்றாம் ஆண்டில் பழைய கோழிகளின் முட்டை குறையத் தொடங்கும். வயதான சிறுவிடையில் நல்ல தாய்க்கோழி இரண்டை அடைக்கென்று வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்கலாம். வீட்டில் உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, வேலை மாற்றம் என்று ஏதாவது வரும்போது பத்தை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று கோழிக்கு வீட்டு மிச்சமும் ஒரு கைப்பிடி கம்பும் போதும். வேலை அநேகமாக இருக்காது, ஆனால் கூண்டும் பழக்கமும் கைவிட்டுப் போகாது. மறுபடி பெருக்க நினைக்கும்போது கம்பிவலையில் ஓட்டை பார்த்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கோடை தொடங்குமுன் இருப்பதற்குத் தடுப்பூசி போட்டுவிட்டு ஓர் அடை வைத்தால் போதும். ஆடிக்குள் குஞ்சுகள் பஞ்சாரத்தைவிட்டு வெளியே வந்திருக்கும்.